மேட்டில் ஏறும் வண்டி சமதரையில் ஏன் திக்குகிறது?



அடியோடு ஓடாமல் நின்றுபோன காரைச் சரி செய்வது சுலபம். பேட்டரி இருக்கிறதா, பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று மூன்று கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கஷ்டம் எங்கே தெரியுமா? ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் திக்குகிற வண்டியில்தான். ரோட்டில் மக்கர் செய்யும். ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் "நானா? எனக்கு ஒன்றுமே இல்லையே!" என்று நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் இருமல் நின்றுபோகிற நோயாளி கதைதான்.

அப்படிப்பட்ட ஒரு வண்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நமக்குப் பாடப் புத்தகத்தில் இக்னிஷன் சிஸ்டம் என்று ஒரு படம் போட்டிருக்கிறார்கள். பரீட்சைக்கு அந்தப் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தப் படத்துக்குள் ஒரு குடும்பத்தின் பிழைப்பே சிக்கிக் கிடந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டியும் அதன் வியாதியும்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன கார் ஷெட். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே வேலை கற்றுக்கொள்ளப் போவேன். ஷெட் நடத்தும் அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் கை வைத்தாலே எஞ்சினின் நாடி தெரியும் அவருக்கு. என் அப்பா அதே பேட்டையில் லோடுமேன். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அதனால் அப்பாவுக்கு அந்த ஷெட் மேல் ஒரு கண். "காலேஜுல சொல்லிக் குடுக்கிறது நெசமா வேலைக்கு ஆவுதான்னு அங்க போனாத்தான் தெரியும்" என்பார்.

அங்கே ஒரு பெரியவர் தன் அம்பாஸடரைக் கொண்டுவந்தார். மார்க் 4, 1986-ஆம் வருட வண்டி. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டு அம்பாஸடர் உற்பத்தி நின்றுபோனது நமக்குத் தெரியும். ஆனால் கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் அந்த வண்டிக்கு இன்னும் மவுசு இருக்கிறது. பெரியவருக்கு அதுதான் வருமானம். மகளும் பேரனும் அவரோடுதான். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தார்.

வண்டியின் வியாதி இது: தெருவுக்குள் மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. தாம்பரம் ரயில்வே மேம்பாலத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு மிதித்தால் சும்மா ஜம்மென்று ஏறும். ஆனால் வண்டலூர் வெளிவட்டச் சாலை மாதிரி சமமான ரோட்டில், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதித்துப் போகும்போது 'டக் டக்'கென்று ஜெர்க் அடிக்கும். மிஸ்ஸிங்! அந்த நேரத்தில் அழுத்தி மிதித்தால் உடனே சரியாகிவிடும். காலைத் தளர்த்தினால் மறுபடி திக்கும்.

இதற்காக ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் காட்டியிருந்தார். கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. பெட்ரோல் டேங்க் இறக்கிக் கழுவியாயிற்று. காயில் புதுசு. பிளக் நான்கும் புதுசு. வண்டி 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் நின்றிருந்தது என்பதால், "எல்லாம் வெள்ளத்துத் தண்ணி வேலை, எஞ்சினையே இறக்கணும்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். இறக்கினால் ஆகும் செலவுக்கு வண்டியையே எடைக்குப் போட்டுவிடலாம் என்ற முடிவுக்குப் பெரியவர் வந்திருந்தார். "இதுதான் கடைசி ஷெட்டு தம்பி" என்றார்.

தீப்பொறி பிறக்கும் விதம்

மேலே போவதற்கு முன் பாடத்தை ஒரு தரம் புரட்டிக்கொள்வோம். அம்பாஸடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. நான்கு சிலிண்டர். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இதன் இக்னிஷன் முறை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் உருவாக்கிய அதே பாயிண்ட்-காயில் முறை. நம் சென்னையில் பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனி இந்த வகை மின்சாமான்களை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது.

பேட்டரியிலிருந்து 12 வோல்ட் காயிலின் பிரைமரிக்குள் போகிறது. அங்கிருந்து ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி டெர்மினலுக்கு வருகிறது. அங்கிருந்து உள்ளே ஒரு குட்டி ஒயர், விரல் நீளம்கூட இருக்காது, பாயிண்டின் ஸ்பிரிங்கில் சேர்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது கரண்ட் பாயிண்ட் வழியாகத் தட்டுக்கும், தட்டிலிருந்து எர்த்துக்கும் போய்ச் சேரும். பிரைமரியின் தடை சுமார் 3 ஓம். 12-ஐ மூன்றால் வகுத்தால் 4 ஆம்பியர். கேம் சுற்றிவந்து பாயிண்டைத் திறந்ததும் இந்தக் கரண்ட் சட்டென்று அறுபடும். காயிலில் சேர்ந்திருந்த காந்தப்புலம் இடிந்து விழும். செகண்டரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகப் பாயும். பாயிண்டில் பொறி அடித்துக் கரண்ட் இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சர்.

எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு பொறி வேண்டும். 3000 ஆர்.பி.எம். வேகத்தில் நிமிடத்துக்கு 6000 பொறி, அதாவது வினாடிக்கு 100. இதில் நாலைந்து தவறினாலே வண்டி குலுங்கும். அந்தக் குட்டி ஒயரையும் தட்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் போகப்போகிறது.

இரண்டு சந்தேகம், இரண்டுக்கும் விடுதலை

மிஸ்ஸிங் என்றால் எல்லோரும் சந்தேகப்படுவது இரண்டே பேரை: ஒன்று பெட்ரோல், மற்றொன்று பலவீனமான ஸ்பார்க்.

பெட்ரோல் குறைவாக வந்தால் வண்டி எப்போது திணற வேண்டும்? அதிகப் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில். அதாவது மேம்பாலத்தில் ஏறும்போது. ஆனால் இந்த வண்டி அங்கே நன்றாக ஏறுகிறது. ஆகவே பெட்ரோல் பம்பும், மெயின் ஜெட்டும், டேங்கும் குற்றவாளிகள் இல்லை.

ஸ்பார்க் பலவீனமாக இருந்தால்? சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எவ்வளவு நெருக்கி அடைக்கப்படுகிறதோ, அவ்வளவுக்குப் பிளக் இடைவெளியில் பொறி தாண்டுவது கஷ்டம். நெருக்கம் அதிகம் இருப்பது அழுத்தி மிதிக்கும்போது. ஆகவே காயில், கண்டென்சர், பிளக், ஹை டென்ஷன் ஒயர் எது கெட்டிருந்தாலும் முதலில் தெரிய வேண்டிய இடம் மேடுதான். அங்கே குறையே இல்லை என்றால் அவையும் நிரபராதிகள்!

பாருங்கள், ஸ்பேனரை எடுக்காமலே இவ்வளவு சாமான்களை ஒதுக்கிவிட்டோம். புதுக் காயில், புதுப் பிளக் எல்லாம் மாற்றியும் ஏன் பலனில்லை என்பதும் இப்போது விளங்குகிறது. வண்டிக்காரர் ஆரம்பத்திலேயே சொன்ன "மேட்டில் ஏறுகிறது" என்ற இரண்டு வார்த்தையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இழுத்தால் நகரும் தட்டு

அப்படியானால் கேள்வியை மாற்றிப் போட வேண்டும். சமதரையில் லேசாக மிதித்துப் போகும்போது மட்டும் எஞ்சினில் நடக்கிற விசேஷம் எது? ஐடிலிங்கிலும் நடக்கக் கூடாது, முழு மிதியிலும் நடக்கக் கூடாது.

நான் அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, வேக்குவம் அட்வான்ஸ் அப்போதானே நல்லா வேலை செய்யும்?" அவர் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார். "சரிதான் தம்பி. பைப்பைக் கழட்டு" என்றார்.

காரணம் இதுதான். லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் சரக்கு குறைவு. அது மெதுவாக எரியும். ஆகவே பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழ வேண்டும். அதற்காக கார்புரேட்டரின் த்ராட்டில் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு துளை. அதிலிருந்து மெல்லிய பைப் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் வட்டக் கிண்ணத்துக்குப் போகிறது. கிண்ணத்துக்குள் ஒரு டயஃப்ரம். ஐடிலிங்கில் த்ராட்டில் மூடியிருக்கும். துளை அதற்கு வெளிப்புறம் இருப்பதால் உறிஞ்சல் எட்டாது. லேசாகத் திறந்தால் மேனிஃபோல்டின் பலமான உறிஞ்சல் துளைக்கு எட்டும். டயஃப்ரம் இழுபடும். அதோடு இணைந்த தட்டு, பாயிண்டையும் சேர்த்துக்கொண்டு சில டிகிரி திரும்பும். முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் விழுந்துவிடும்; தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். மேட்டில் மிதிக்கும்போதும் அப்படியே.

வியாதியின் அட்டவணையையும் இந்தத் தட்டின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு அசலாகப் பொருந்துகிறது!

சந்தேகம் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. வேக்குவம் பைப்பைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்துத் துளையை அடைத்துவிட்டு வெளிவட்டச் சாலையில் ஓட்டினோம். ஐம்பதில் போனோம், அறுபதில் போனோம். ஒரு ஜெர்க்கூட இல்லை. பெரியவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "இப்படியே விட்டுருங்கப்பா, போதும்" என்றார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "பைப்பை அடைச்சா பெட்ரோல் கூடக் குடிக்கும்ங்கய்யா. நோவு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மருந்து குடுக்காம எப்படி விடறது?" என்றார்.

மூன்று இடத்தில் மீட்டர்

இப்போது குற்றம் இருக்கும் வீடு தெரிந்துவிட்டது. அறை எது என்று பார்க்க வேண்டும். பைப்பை வாயில் வைத்து, இளநீர் உறிஞ்சுவது போல உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்தேன். நாக்கைப் பிடித்தபடியே நின்றது. ஆக டயஃப்ரம் கிழியவில்லை. தட்டும் திரும்பியது. மிச்சம் இருப்பது, தட்டு திரும்பும்போது அதோடு சேர்ந்து அசைகிற கரண்ட் பாதை.

அந்தப் பாதையில் அசைகிற ஒயர் இரண்டுதான். ஒன்று, வெளி டெர்மினலிலிருந்து பாயிண்ட் ஸ்பிரிங்குக்கு வரும் குட்டி ஒயர். இரண்டாவது, தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்குப் போகும் எர்த் ஒயர். எது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும்.

இங்கே ஒரு கவனம் தேவை. தட்டு திரும்பும்போது கேம் மேல் பாயிண்டின் இடமும் மாறும். அதனால் பாயிண்ட் தானாகவே திறந்துகொண்டு நம்மை ஏமாற்றலாம். ஆகவே எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, பாயிண்ட் அப்போதுதான் மூடிய நிலையில் நிறுத்தினோம். உறிஞ்சித் தட்டைத் திருப்பியும் பாயிண்ட் மூடியே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டோம். பிறகு இக்னிஷன் சுவிட்சைப் போட்டோம். (இப்படி நெடுநேரம் விடக் கூடாது. காயில் சூடேறும்.)

மீட்டரின் ஒரு முனை பாடி எர்த்தில். மறுமுனையை மூன்று இடத்தில் வைத்தோம்.

முதல் இடம், டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி டெர்மினல். உறிஞ்சாதபோது மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. பாயிண்ட் மூடி, கரண்ட் ஒழுங்காக எர்த்துக்குப் போகிறது என்று அர்த்தம். உறிஞ்சியதும் 12 வோல்டுக்குத் தாவியது! பாயிண்ட் மூடியிருக்கும்போதே பாதை அறுந்துவிட்டது.

இரண்டாம் இடம், பாயிண்டின் ஸ்பிரிங். உறிஞ்சியபோதும் இங்கே பூஜ்யம்தான்.

மூன்றாம் இடம், தட்டு. இங்கேயும் பூஜ்யம்.

இதை எப்படிப் படிப்பது? எர்த் ஒயர் அறுந்திருந்தால் மூன்று இடத்திலும் 12 வோல்ட் காட்டியிருக்கும். ஏனென்றால் மூன்றுமே அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம். ஆனால் முதல் இடத்தில் மட்டும் 12, இரண்டாம் இடத்தில் பூஜ்யம். ஆக உடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில். நடுவில் இருப்பது அந்தக் குட்டி ஒயர் ஒன்றே!

கழற்றிப் பார்த்தால் மேல் உறை நன்றாகவே இருந்தது. விரலால் வளைத்தபோது ஒரு இடத்தில் மட்டும் நூல் மாதிரி தொளதொளவென்று மடங்கியது. உறையைக் கீறினோம். உள்ளே செம்பு இழைகள் மொத்தமும் அறுந்து, முனைகள் ஒன்றோடொன்று சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. தட்டு பழைய இடத்தில் இருந்தால் தொடும். திரும்பினால் விலகும். அந்த நொடியில் பாயிண்ட் மூடியும் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் பொறி இல்லை.

ஒயர் ஏன் அறுந்தது?

ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிந்துவிடும். பாடத்தில் இதற்கு ஃபெட்டீக் என்று பெயர். அக்சிலரேட்டரை மிதித்து விடும் ஒவ்வொரு தடவையும் இந்த ஒயர் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. நிமிடத்துக்குப் பத்துத் தடவை என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 600 தடவை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி! எத்தனை லட்சம் வளைவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். பாவம், வெள்ளத்தின் மேல் பழி போட்டார்கள்.

இங்கே சாதாரண ஒயரைப் போடக் கூடாது. அது விறைப்பானது. சீக்கிரம் ஒடிந்துவிடும். மிக மெல்லிய இழைகள் நிறைய உள்ள, துவளுகிற ஒயர்தான் வேண்டும். அண்ணன் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த நல்ல ஒயரை வாங்கிவந்தார். தட்டு இரண்டு பக்கமும் திரும்ப வசதியாகக் கொஞ்சம் தளர்வு விட்டு, கேமிலும் ரோட்டாரிலும் உரசாமல் பொருத்தினோம். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.015 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர், செட் செய்தோம். வேக்குவம் பைப்பைத் திரும்ப மாட்டி மறுபடி அதே மீட்டர் சோதனை. உறிஞ்சினாலும் பூஜ்யம், விட்டாலும் பூஜ்யம். அதே ரோடு, அதே வேகம். தண்ணீர் ஓடுவது போல ஓடியது. அந்த முகூர்த்தத்துக்கு மாலை போட்டுக்கொண்டு வண்டி போய்ச் சேர்ந்தது. ஒயரின் விலை இரண்டு பேர் டீ குடிக்கும் காசு.

நமக்கு என்ன பயன்?

"பாயிண்ட் வைத்த வண்டியே இப்போது எங்கே இருக்கிறது? இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் இருக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் கோடு நம்பர் வருகிறது. ஆனால் நண்பர்களே, அந்த நம்பர் 'இந்த சர்க்யூட்டில் கோளாறு' என்றுதான் சொல்லும். அந்த சர்க்யூட்டில் எந்த அங்குலத்தில் என்று சொல்லாது. புது வண்டியிலும் கதவுக் கீலுக்குள் வளைந்து வளைந்து போகும் ஒயர்கள் இருக்கின்றன. கதவைத் திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று என்று பவர் விண்டோ விளையாட்டுக் காட்டினால், அது இந்த அம்பாஸடர் ஒயரின் தம்பிதான்.

ஆகவே இந்த வண்டி சொல்லிக்கொடுத்ததை வரிசையாகத் தருகிறேன். ஒர்க்ஷாப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஓட்டுகிறவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். எப்போது கெடுகிறது என்பதோடு, எப்போது கெடாமல் ஓடுகிறது என்பதையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் நம்மைக் காப்பாற்றியது.

இரண்டு: ஒரு சாமானைச் சந்தேகிக்கும் முன், 'இது கெட்டிருந்தால் வண்டி எப்போது திணறும்?' என்று யோசியுங்கள். பதில் வியாதியோடு பொருந்தவில்லை என்றால் அந்தச் சாமானைத் தொடாதீர்கள். மாற்றுகிற காசு நம்முடையது இல்லை.

மூன்று: கோளாறு எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையிலேயே சோதியுங்கள். இந்த ஒயரை அசைக்காமல் மீட்டர் வைத்தால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். நாம் ஷெட்டில் அக்சிலரேட்டரை உரும் உரும் என்று உறுமவிட்டுப் பார்க்கிறோமே, அதுவும் போதாது. லேசான மிதியில் நிறுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு: ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிவிட்டு வண்டி சரியானால், எது சரி செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஐந்து: கரண்ட் பாதையை இரண்டாக வெட்டி வெட்டித் தேடுங்கள். இந்தப் பக்கம் வோல்ட் இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை என்றால் திருடன் நடுவில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேனிஃபோல்டில் உறிஞ்சல் எப்போது கூடும், எப்போது குறையும் என்பது நம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பைப்பை வாயில் வைத்து உறிஞ்சி டயஃப்ரத்தைச் சோதிக்கலாம் என்பது எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அண்ணன்தான் சொல்லித் தந்தார். ஏட்டுப் படிப்பும் கைப்பழக்கமும் எதிரிகள் இல்லை. ஒரே வண்டியின் முன் சக்கரமும் பின் சக்கரமும். டிப்ளமோ வாங்கியதும் கையில் கிரீஸ் படாத வேலையாகத் தேடுகிறோம். 'ஷெட்டில் இருப்பவருக்கு என்ன தெரியும்?' என்றும் நினைக்கிறோம். அந்த நினைப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால், அவர் கேட்கத் தயாராக இருக்கிறார். நமக்குச் சொல்லவும் விஷயம் இருக்கிறது.

நம் எல்லோர் ஊரிலும் இப்படி ஒரு ஷெட் இருக்கும். அங்கே யாரும் தீர்க்க முடியாமல் ஓரம் கட்டிய ஒரு வண்டி நிச்சயம் நிற்கும். வரும் விடுமுறையில் ஒரு மல்டிமீட்டரோடு அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள் நண்பர்களே! அந்த வண்டியை நம்பி யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம்.